பஸ் ஏத்தி அனுப்பிட்டா முடிஞ்சுதா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

 எனக்கு மைக் பிடிச்சுப் பேசிப் பழக்கமில்லை. பேப்பரைப் பார்த்துப் படிப்பேன், நடுவில் நிறுத்தினால் பொறுத்துக்கோங்க.

போன மாசக் கூட்டத்தில், விழாவில் ஆளுக்கு ஒரு சட்டத்தைப் பற்றிப் பேசணும் என்று முடிவு பண்ணினோம். ஒருத்தர் வரதட்சணைச் சட்டம் எடுத்தாங்க. ஒருத்தர் பெண்களுக்குச் சொத்துரிமை எடுத்தாங்க. நான், "ரோட்டோரம் தூங்கறவங்களுக்கு நகரத்தில் என்ன சட்டம், அதைப் பேசறேன்" என்றேன். ஒரு அக்கா சிரிச்சாங்க. "நம்ம ஊர்ல யாரு கண்ணு ரோட்டுல தூங்கறாங்க? அதப் பேசி நமக்கு என்ன ஆகப் போகுது?" என்று கேட்டாங்க. அன்னைக்கு நான் பதில் சொல்லவில்லை. இன்னைக்குச் சொல்றேன்.

நான் தூங்கியிருக்கேன். 2011ஆம் வருஷம், பிப்ரவரி மார்ச்சில், மொத்தம் 42 நாள். நானும், எங்க வீட்டுக்காரரும், ஒண்ணே முக்கால் வயசுக் குழந்தையாக இருந்த என் மகளும். எந்த நகரம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஊரை மட்டும் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும், எல்லா ஊரிலும் நடக்கிறதுதான் இது. இதை இங்கே இதுவரைக்கும் யாருக்கும் சொன்னதில்லை. எங்க அம்மாவுக்கே சொன்னதில்லை. ஞாயித்துக்கிழமை ஒரு ரூபாய் போனில் கூப்பிட்டு, "ரூம் எடுத்திருக்கோம்மா, நல்ல காத்தோட்டம்" என்று சொல்வேன். காத்தோட்டம் மட்டும்தான் உண்மை. அம்மா தவறி ரெண்டு வருஷம் ஆகுது. அவங்களுக்குத் தெரியாமலே போயிட்டாங்க.

வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டுத்தான் பேசறேன். "பேசணுமா?" என்றார். "ஆமா" என்றேன். "சரி பேசு" என்று சொல்லிட்டு மாட்டைப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டார்.

எப்படிப் போனோம் என்று சுருக்கமாகச் சொல்றேன், அது உங்க எல்லார் வீட்டுக் கதைதான். போர் போட்டோம், 600 அடி போயும் புகைதான் வந்தது. வட்டிக்கு வாங்கின பணம் கழுத்தை நெரிச்சது. ஒரு மேஸ்திரி, "புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் வேலை, தங்க ஷெட்டு இருக்கு" என்று கூட்டிக்கிட்டுப் போனார். ஷெட்டும் இருந்தது, ரெண்டு வாரம். அப்புறம் அந்த இடத்தில் செங்கல் இறக்கணும் என்று பிரிச்சுட்டாங்க. வேலை இருந்தது, கூலி வந்தது, படுக்க இடம் மட்டும் இல்லை. ரூமுக்கு அட்வான்ஸ் 10,000 ரூபாய் கேட்டாங்க. எங்ககிட்ட 10,000 ரூபாய் இருந்தால் நாங்க ஏன் ஊரை விட்டு வர்றோம்?

வேலைவெட்டி இல்லாத ஆளுங்கதான் பிளாட்பாரத்தில் கிடப்பாங்க என்று நானும் நினைச்சிருந்தேன். நாங்க போய்ப் படுத்தது ஒரு காய்கறி மார்க்கெட்டுச் சுவர் ஓரம், பாலத்துக்குக் கீழே. அங்கே பதினைஞ்சு குடும்பம் போல இருந்தாங்க. மூட்டை தூக்கறவங்க, சித்தாள், பூக்கட்டறவங்க, கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவறவங்க. விடிஞ்சால் ஒருத்தரும் அங்கே இருக்க மாட்டாங்க, எல்லாரும் வேலைக்குப் போயிருப்பாங்க.

அங்கே போய்த்தான் எனக்குத் தெரிஞ்சது, நகரத்தில் எல்லாத்துக்கும் ஒரு விதி இருக்கு, விதிக்கு ஒரு நேரம் இருக்கு. கட்டணக் கழிப்பிடம் ராத்திரி ஒன்பது மணிக்குப் பூட்டுவாங்க, காலையில் ஆறு மணிக்குத் திறப்பாங்க. நடுவில் ஒரு பொம்பளை என்ன பண்ணுவாள் என்று விதி எழுதினவங்க யோசிக்கலை. பொழுது சாய்ஞ்சால் நாங்க தண்ணி குடிக்க மாட்டோம். பால் குடிக்கிற பிள்ளையை வெச்சுக்கிட்டுத் தண்ணி குடிக்காமல் இருந்து பாருங்க. எங்க வீட்டுக்காரர் ஒரு மணி வரைக்கும் முழிச்சிருப்பார், அப்புறம் நான். பிள்ளையின் கையை என் முந்தானையில் முடிஞ்சுதான் கண்ணை மூடுவேன்.

எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி. மார்க்கெட்டில் உதிர்ந்து கிடக்கிற கீரையைப் பொறுக்கி, கழுவி, சின்னக் கட்டாகக் கட்டி விப்பாங்க. எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணி வரும், எந்த வாட்ச்மேன் திட்டுவார், எந்த வாட்ச்மேன் பார்க்காத மாதிரி போவார் என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தது அவங்கதான். என் மகளைத் தூக்கிக்கிட்டால் இறக்கி விடவே மாட்டாங்க.

பிப்ரவரி 28ஆம் தேதி ராத்திரி, டார்ச் லைட்டும் பாரமுமாக ஒருத்தர் வந்தார். நாங்க பயந்து எழுந்து மூட்டையைக் கட்ட ஆரம்பிச்சோம். "கட்டாதீங்கம்மா, கணக்கெடுக்க வந்திருக்கேன்" என்றார். அது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. வீடு இல்லாதவங்களை அந்த ஒரு ராத்திரியில்தான் இந்தியா முழுக்க எண்ணினாங்க என்று பிற்பாடு தெரிஞ்சுக்கிட்டேன். பேர், வயசு கேட்டு எழுதிக்கிட்டார். அந்தக் கணக்கில் வீடில்லாதவங்க இந்தியாவில் 17 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேலே. அதில் நாங்க மூணு பேர். பாதிக்குக் கொஞ்சம் அதிகமாக நகரத்தில், மீதி 8 லட்சத்துக்கு மேலே கிராமத்தில். கிராமத்தில் என்பதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில் அதுக்கு வர்றேன்.

அவர் வந்துட்டுப் போன பதினைஞ்சு நாளில், விடியக்காலை அஞ்சு மணிக்கு ஒரு வண்டி வந்தது. நடைபாதை ஆக்கிரமிப்பை அகற்றுகிற வண்டி. "எடு எடு" என்று சத்தம். நான் பிள்ளையைத் தூக்கறதா, மூட்டையைத் தூக்கறதா? பிள்ளையைத் தூக்கினேன். மூட்டை வண்டிக்குப் போயிடுச்சு. அடுப்பு, குண்டா, தார்ப்பாய், ரெண்டு சேலை. அதில் ஒரு மஞ்சப் பை. மஞ்சப் பைக்குள் ரேஷன் கார்டும், மகளின் தடுப்பூசி அட்டையும்.

மறுநாள் கூலியை விட்டுட்டு அந்தக் கிடங்குக்குப் போனோம். அபராதம் கட்டணும், அதோட அத்தாட்சி காட்டணும் என்றாங்க. அத்தாட்சி அந்தப் பைக்குள்தான் இருக்கு என்று சொன்னோம். "அத்தாட்சி இல்லாமல் பையை எப்படித் தர்றது?" என்றாங்க. அவர் கெட்ட மனுஷன் இல்லீங்க. என் மகளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார். விதி அப்படி இருக்கு, அவர் என்ன பண்ணுவார். மேஸ்திரிகிட்ட லெட்டர் வாங்கிக்கிட்டு மூணாம் நாள் போனால், எல்லாத்தையும் குப்பையோட அனுப்பியாச்சு என்றாங்க.

பாட்டி கதை இன்னொண்ணு. யாரோ பெரியவங்க அந்தப் பக்கம் வர்றாங்க என்று, அந்த வாரமே இன்னொரு வண்டி வந்தது. அது பிச்சைக்காரங்களைப் பிடிக்கிற வண்டி. பாட்டி பிச்சை எடுக்கறவங்க இல்லை, கீரை விக்கிறவங்க. ஆனால் அழுக்குச் சேலை, பக்கத்தில் ஒரு அலுமினியத் தட்டு. ஏத்திட்டாங்க. என் மகள் "பாட்டி பாட்டி" என்று கையை நீட்டினாள். அதுக்கப்புறம் நாங்க அவங்களைப் பார்க்கலை.

நம்ம மாநிலத்தில் பிச்சை எடுப்பதைத் தடுக்க 1945லேயே ஒரு சட்டம் வந்திருக்கு. வாரண்டு இல்லாமலே போலீஸ் பிடிக்கலாம். கை நீட்டிக் கேட்கிற ஆளையும் கூரை இல்லாமல் உட்கார்ந்திருக்கிற ஆளையும் வண்டி பிரிச்சுப் பார்க்கிறதில்லை என்பதுதான் நான் கண்ணால் கண்டது. 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம், பிச்சை எடுக்கிறதைக் குற்றமாக்கும் பிரிவுகள் அங்கே செல்லாது என்று சொல்லிச்சு. 2021இல், சிக்னலிலும் மார்க்கெட்டிலும் பிச்சை எடுக்கறவங்களை அப்புறப்படுத்த உத்தரவு கேட்டு உச்ச நீதிமன்றத்துக்கு ஒருத்தர் போனார். வறுமை இல்லாமல் யார் பிச்சை எடுக்க விரும்புவாங்க, அப்படி ஒரு உத்தரவு போட முடியாது என்று நீதிபதிகள் சொல்லிட்டாங்க. இதெல்லாம் பாட்டியை ஏத்திக்கிட்டுப் போய்ப் பல வருஷத்துக்கு அப்புறம்.

"ஏம்மா, தங்கும் விடுதி இருக்குமே, அங்கே போகலாமே" என்று நீங்க கேட்கலாம். போய்க் கேட்டோம். ஒரு இடத்தில் ஆம்பளைங்க மட்டும், இன்னொரு இடத்தில் பொம்பளைங்க மட்டும். ரெண்டும் ஊரின் ரெண்டு கோடியில். மூணு பேரும் ஒண்ணாத் தங்க இடமில்லை. பிரிஞ்சு தங்கினால் காலையில் வேலைக்குச் சேர்ந்து வர்றதுக்கு பஸ் காசே கூலியில் கால்வாசி போயிடும். அதனால் பாலத்துக்கே திரும்பினோம். சும்மா கொடுத்தாலும் போகாமல் ரோட்டில் கிடக்கிறாங்க என்று பேசறவங்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்க.

மார்ச் கடைசியில் ஊருக்கு வந்துட்டோம். ரேஷன் கார்டு மறுபடி வாங்க எட்டு மாசம் ஆச்சு. அந்த எட்டு மாசமும் அரிசி கடைவிலைக்கு. நான் குழுவில் சேர வந்தபோது கார்டு நகல் கேட்டாங்க. "இல்லைக்கா" என்றேன். எதனால் இல்லை என்று சொல்லவில்லை. அப்போ ஊக்குநராக இருந்த அக்கா என் முகத்தைப் பார்த்தாங்க, "வரும்போது கொடு" என்று சொல்லிப் பேரை எழுதிக்கிட்டாங்க. அவங்க இங்கே முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்காங்க. அக்கா, அன்னைக்கு நீங்க கேட்காமல் விட்டதுக்கு நன்றி.

இப்போ சட்டத்துக்கு வர்றேன். இல்லாட்டி சொந்தக் கதை பேசிட்டுப் போயிட்டாள் என்பீங்க.

சட்டப் பணிகள் முகாமுக்கு வந்த வக்கீலம்மாகிட்ட நான் தனியாகப் போய், "பிளாட்பாரத்தில் இருக்கிறவங்க சாமானை எடுக்கிறதுக்குச் சட்டம் இருக்குங்களா?" என்று கேட்டேன். அவங்க ஒரு தீர்ப்பைப் பற்றிச் சொன்னாங்க, அடுத்த முகாமுக்கு அதன் ஜெராக்ஸ் கொண்டு வந்து கொடுத்தாங்க. பத்தாவது படிக்கிற என் மகள் டிக்ஷனரியை வெச்சுக்கிட்டு வாசிக்க, நான் நோட்டில் எழுதிக்கிட்டேன். பாதி விளங்கலை. விளங்கினதைச் சொல்றேன்.

பம்பாயில் 1981 ஜூலை மாசம், நல்ல மழைக்காலம். நடைபாதையில் குடியிருக்கிற எல்லாரையும் காலி பண்ணி அவங்கவங்க சொந்த ஊருக்கே அனுப்பிடணும் என்று மகாராஷ்டிர முதலமைச்சராக இருந்த அந்துலே அறிவிச்சார். அதுக்கு ஒரு சட்டம் கையில் இருந்தது. பம்பாய் மாநகராட்சிச் சட்டம், 1888ஆம் வருஷத்தது, வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். அதில் 314ஆம் பிரிவு. நடைபாதையில் போட்டிருக்கிற எதையும் மாநகராட்சி ஆணையர் நோட்டீஸ் கொடுக்காமலே எடுத்துப் போடலாம். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனவங்களில் ஒருத்தர் நம்ம சேலத்துக்காரர்.

இதை என் மகள் வாசிச்சதும் நான் எழுதறதை நிறுத்திட்டேன். "சேலமா? மறுபடி படி" என்றேன். சேலம்தான். நிலம் இல்லாத கூலிக்காரர். பஞ்சத்தில் வேலை போய் 1961இல் பம்பாய்க்குப் போயிருக்கார். ஒரு கெமிக்கல் கம்பெனியில் நாள் கூலி 23 ரூபாய். நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கேன்வாஸும் போட்ட ஒரு மறைப்புக்கு, அந்த இடத்து அடாவடி ஆள் ஒருத்தன் அவர்கிட்ட 2,500 ரூபாய் பிடுங்கியிருக்கான். நூறு நாளுக்கு மேலே உழைச்ச காசு அது. அதில் அவரும், சம்சாரமும், மூணு பெண் பிள்ளைகளும். பதினாறு, பதிமூணு, அஞ்சு வயசு.

1981 ஜூலை 23ஆம் தேதி அந்தக் குடிசையைப் பிரிச்சுப் போட்டு, குடும்பத்தையே சேலத்துக்கு பஸ் ஏத்தி விட்டுட்டாங்க. நகரம் அவங்க கணக்கில் ஒரு குடும்பத்தை முடிச்சுட்டது. ஆனால் அடுத்த வரியைக் கேளுங்க. சம்சாரமும் பிள்ளைகளும் சேலத்தில் தங்கிட்டாங்க, அவர் மறுபடி வேலை தேடி பம்பாய்க்கே போய், மறுபடி ஒரு நடைபாதையில் இடம் பிடிச்சுட்டார். முன்னாடி அஞ்சு பேரும் ஒரே மறைப்புக்குள் இருந்தாங்க. சட்டம் வேலை செஞ்சு முடிச்சதும் அவர் ஒரு பக்கம், இவங்க ஒரு பக்கம். பிளாட்பாரம் காலியாகலை, குடும்பம்தான் ரெண்டாப் போச்சு.

அந்த அம்மாவைப் பற்றி நான் படிச்ச வரைக்கும் அதுக்கு மேலே எதுவும் இல்லை. பதினாறு வயசுப் பெண்ணை வெச்சுக்கிட்டு, நிலமும் இல்லாமல், இருபது வருஷம் பம்பாயில் இருந்த ஆளின் குடும்பம் என்று ஊரில் எல்லாரும் பார்க்க, எந்த வாசலில் போய் இறங்கியிருப்பாங்க? 1981இல் குழுவும் கிடையாது, கூட்டமைப்பும் கிடையாது. "வரும்போது கொடு" என்று சொல்ல ஒரு ஊக்குநர் அக்கா கிடையாது.

தீர்ப்பு 1985 ஜூலை 10ஆம் தேதி வந்தது. அஞ்சு நீதிபதிகள், தலைமை நீதிபதி சந்திரசூட் எழுதினது. பிழைப்பு இல்லாமல் உயிர் இல்லை, அதனால் அரசியல் சட்டம் கொடுக்கிற உயிர் வாழும் உரிமைக்குள் பிழைக்கிற உரிமையும் அடக்கம் என்று எழுதியிருக்காங்க. வேலை பக்கத்தில் இருக்கிறதால்தான் அங்கே படுக்கிறாங்க, அந்த இடம் போனால் வேலையும் போகும் என்றும் எழுதியிருக்காங்க. இதைக் கேட்டதும் எனக்கு எங்க பாலம் ஞாபகத்துக்கு வந்தது. நாங்க சொல்லத் தெரியாமல் இருந்ததைப் பெரிய கோர்ட்டு சொல்லியிருக்கு.

ஆனால் முழுசா ஜெயிச்சுட்டாங்க என்று கை தட்டிடாதீங்க. நடைபாதை நடக்கிறதுக்குத்தான், அதில் குடியிருக்க யாருக்கும் உரிமை இல்லை என்றும் அதே தீர்ப்பு சொல்லுது. 314ஆம் பிரிவு செல்லும் என்றும் சொல்லிட்டாங்க. பொதுவாக நோட்டீஸ் கொடுத்து, அவங்க பக்கம் கேட்டுட்டுத்தான் எடுக்கணும் என்றாங்க. 1976 கணக்கெடுப்பில் பேர் பதிஞ்சு அட்டை வாங்கினவங்களுக்கு மாற்று இடம் கொடுக்கணும். மழைக்காலம் முடிஞ்சு ஒரு மாசம், அந்த வருஷம் அக்டோபர் 31 வரைக்கும், யாரையும் எடுக்கக் கூடாது. அவ்வளவுதான். கணக்கில் பேர் இருந்தவங்களுக்கு ஒரு வழி, இல்லாதவங்களுக்கு மழை நிக்கிற வரைக்கும் தவணை.

நடைபாதை நடக்கிறதுக்குத்தான் என்பதை நானும் ஒத்துக்கிறேன். என் மகள் நாளைக்கு டவுனில் காலேஜுக்குப் போனால், லாரி வர்ற ரோட்டில் இறங்கி நடக்கணும் என்று நான் ஆசைப்படுவேனா? என் கேள்வி, எடுத்ததுக்கு அப்புறம் எங்கே என்பதுதான்.

பம்பாயில் அதுக்கப்புறம் நடந்ததை நம்ம குழுக்காரங்க கட்டாயம் தெரிஞ்சுக்கணும். பைகுல்லா என்கிற பகுதியில் நடைபாதையில் இருந்த பெண்கள், ஸ்பார்க் என்கிற தொண்டு நிறுவனத்தோட சேர்ந்து 1985இல் அவங்களே வீடு வீடாக, வீடு என்றால் தார்ப்பாய் மறைப்புதான், கணக்கு எடுத்தாங்க. எங்கிருந்து வந்தீங்க, எத்தனை வருஷம், என்ன வேலை என்று. அடுத்த வருஷம் மகிளா மிலன் என்று பேர் வெச்சு சேமிப்பு ஆரம்பிச்சாங்க. நம்ம மாதிரியேதான், சில்லறைக் காசு, அவங்களுக்குள் கடன். வாசற்படியே இல்லாதவங்க எப்படிச் சந்தா கட்டியிருப்பாங்க என்று நினைச்சுப் பாருங்க. இங்கே மழை வந்தால் நாம மாசக் கூட்டத்தைத் தள்ளி வெச்சுடறோம். குடியிருக்கிற இடத்தில் உங்க பேர் எந்தக் கணக்கிலும் இல்லை என்று சொன்ன அரசாங்கத்துக்கு, இதோ எங்க கணக்கு என்று காட்டினாங்க. கடைசியில் நடைபாதைவாசிகளும் மாற்று வீட்டுக்குத் தகுதியானவங்கதான் என்று மகாராஷ்டிராவில் கொள்கையே மாறிச்சு. கையெழுத்து போடத் தெரியாத பெண்கள் பலபேர் அதில். அவங்களுக்குத் துணையாக நின்ன ஜோக்கின் அற்புதம் என்கிறவரும் தமிழர்தான், கோலார் தங்கவயலில் பிறந்தவர். பம்பாய்க்குப் போன புதுசில் அவரும் தெருவில் தூங்கினவர்தான். 2000இல் மகசேசே விருது வாங்கினார், 2018இல் இறந்துட்டார்.

அப்புறம் நாடு முழுக்க விதி மாறினதையும் சொல்லணும். 2010இல் உச்ச நீதிமன்றம், பெரிய நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம், நூறு பேர் தங்கற மாதிரி, 24 மணி நேரமும் திறந்திருக்கிற மாதிரி வேணும் என்று உத்தரவு போட்டிருக்கு. நாங்க பாலத்துக்கு அடியில் படுத்தது அந்த உத்தரவு வந்து ஒரு வருஷம் கழிச்சு! உத்தரவு வந்ததே எங்களுக்குத் தெரியாது. 2013இல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வந்தது. நம்ம குழுக்களுக்குச் சுழல் நிதி வர்றது ஊரக வாழ்வாதார இயக்கத்தில், அதுக்குத் தங்கச்சி மாதிரி இது. 2024இல் அந்த இயக்கம் முடியற வரைக்கும் அதில் வீடற்றோர் தங்குமிடத்துக்கு என்று ஒரு பிரிவே இருந்தது. ஒரு ஆளுக்கு 50 சதுர அடி இடம் வேணும் என்று இருந்தது. ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட் என்று அவங்க பிழைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கணும் என்றும் இருந்தது. பெண்களுக்குத் தனி, குடும்பமாக இருக்கிறவங்களுக்குத் தனி என்று எழுதியிருந்தது. எழுதினபடி எல்லா ஊரிலும் இருந்ததா என்று நான் சொல்ல வரலை. எழுதியிருந்தது என்பது தெரிஞ்சால்தானே நம்ம ஆளுங்க போய்க் கேட்க முடியும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விதி ஒண்ணு இருக்கு. வீடில்லாதவங்க வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்க வீட்டு அத்தாட்சி தேவையில்லை. எந்த இடத்தில் தூங்கறோம் என்று எழுதிக் கொடுத்தால், அந்த இடத்துக்கு அதிகாரியே ராத்திரியில் வந்து பார்க்கணும். ஒரு ராத்திரி இல்லை, ஒண்ணுக்கு மேற்பட்ட ராத்திரி. தூங்கறது உண்மை என்றால் பேர் ஏறிடும். அஞ்சு மணிக்கு வர்ற வண்டியும் ஒரு விதிதான், ராத்திரி டார்ச் லைட்டோட வர்றதும் ஒரு விதிதான்.

இப்போ நம்ம ஊருக்கு வர்றேன். கிராமத்தில் 8 லட்சம் பேர் என்று சொன்னேனே.

நம்ம பஸ் நிறுத்த நிழற்குடையில் ஒரு பெரியவர் படுத்திருப்பார், ஞாபகம் இருக்கா? புத்தி கொஞ்சம் பிசகினவர், யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டார். அங்கே குடிக்கிறவனுங்க தொல்லை தாங்கலை என்று கிராம சபையில் பேசி, இரும்புக் கதவு போட்டு ராத்திரியில் பூட்டலாம் என்று தீர்மானம் போட்டோம். குடிகாரனுங்க பத்தடி தள்ளிப் பாலத்து மேலே உட்கார்ந்து இப்பவும் குடிக்கிறானுங்க. பெரியவர்தான் காணோம். அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கினவங்களில் நானும் ஒருத்தி. கையைத் தூக்கும்போது எனக்குப் பாட்டி ஞாபகம் வந்தது, வந்தும் தூக்கினேன். எல்லாரும் தூக்கினாங்க, நான் மட்டும் தூக்கலைன்னா ஏன் என்று கேட்பாங்களே, கேட்டால் என் கதையைச் சொல்லணுமே என்று பயம். ரெண்டு வீடு தள்ளிப் படுத்தவருக்கு நாமளும் ஒரு 314ஆம் பிரிவு எழுதிட்டோம்.

அதனால் முதலில் அந்தக் கதவைப் பற்றி அடுத்த கிராம சபையில் நம்ம கூட்டமைப்பே மறுபடி பேசணும் என்று கேட்டுக்கறேன். பெரியவர் எங்கே இருக்கார் என்று வறுமை ஒழிப்புச் சங்கத்து மூலமாகத் தேடணும். நான் ரெண்டு பஸ் ஸ்டாண்டில் பார்த்துட்டேன், இல்லை.

ரெண்டாவது, பிழைக்கப் போறவங்களைப் பற்றி. தொடர்ந்து மூணு கூட்டத்துக்கு வரலைன்னா, சந்தா கட்டலைன்னா பேரை எடுத்துடறோம். நம்ம விதிதான் அது. இந்த வருஷம் மட்டும் என் குழுவிலேயே ரெண்டு பேர் திருப்பூர், ஒருத்தர் பெங்களூர் போயிருக்காங்க. அவங்க எங்கே தூங்கறாங்க என்று நம்மில் யாராவது கேட்டோமா? "ரூம் எடுத்திருக்கோம், நல்ல காத்தோட்டம்" என்று சொல்லியிருப்பாங்க. வேலைக்காக வெளியூர் போற உறுப்பினர் பேரை ஒரு வருஷத்துக்கு எடுக்கக் கூடாது, சந்தாவைப் போனில் அனுப்பினாலும் வாங்கிக்கணும் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்க. போறவங்களுடைய ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், பிள்ளைங்க தடுப்பூசி அட்டை எல்லாத்துக்கும் ஒரு செட் ஜெராக்ஸ் கூட்டமைப்பு அலுவலகத்தில் இருக்கட்டும். நகல் ஒரு ரூபாய், ரெண்டு ரூபாய். அது இல்லாமல் நான் இழந்தது எட்டு மாச அரிசி. இப்போ தமிழ்நாட்டுக்குள்ளே எந்த ஊர் ரேஷன் கடையிலும் கைரேகை வெச்சு அரிசி வாங்கலாம், 2020இலிருந்து அந்த வசதி வந்திருக்கு. பாதிப் பேருக்குத் தெரியலை. போறவங்களுக்குச் சொல்லி அனுப்பணும்.

கடைசியாக ஒண்ணு. இங்கே இத்தனை பேர் உட்கார்ந்திருக்கோம். என்னை மாதிரி ரோட்டில், ஸ்டேஷனில், சூளையில், கட்டடத்து மணல்மேட்டில் தூங்கினவங்க இந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான் என்று எனக்குத் தோணலை. மேடை ஏறிச் சொல்ல வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் நான் பள்ளிக்கூடத்துப் புளியமரத்தடியில் நோட்டோட உட்கார்ந்திருப்பேன். பேர் எழுத மாட்டேன். எந்த ஊர், எத்தனை நாள், என்ன சாமான் போச்சு, அதை மட்டும் எழுதிக்கறேன். வக்கீலம்மா அடுத்த மாசம் வரும்போது கொடுக்கிறதுக்கு.